மெதுவாக மிதித்தால் இறங்கும் பெடல்

போன வாரம் அக்கா பையன் போன் செய்து, "மாமா, உங்ககிட்ட இருக்கிற அதே வண்டி திருப்பூர்ல ஒண்ணு வெலைக்கு வந்திருக்குதுங்க, எடுக்கலாமுங்களா?" என்று கேட்டான். போன வருஷம் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடு என்றிருப்பேன். இப்போது வாய் வரவில்லை.

என்னுடையது 2003 மாடல் டீசல். பதினோரு வருஷமாக ஓட்டுகிறேன், இன்ஜினைப் பிரித்ததே கிடையாது. மைலேஜ், ஏசி எல்லாம் அவனுக்கே தெரியும். நான் சொல்ல வேண்டியது பிரேக்கைப் பற்றி.

முதல் தடவை ஈரோட்டில், ஒரு மேம்பாலம் இறங்குகிற இடத்தில். பிரேக்கில் லேசாகக் கால் வைத்து நிற்கிறேன், சேற்றில் கால் புதைகிற மாதிரி பெடல் மெல்ல உள்ளே போகிறது, வண்டி நகர்ந்து முன்னால் நின்ற மஞ்சள் மூட்டை லாரிக்கு ஒரு முழம் வரை போய்விட்டது. பதறி மறுபடி மிதித்தேன், கல் மாதிரி நின்றது. அப்புறம் பத்து நாள் ஒன்றும் இல்லை.

முதல் ஒர்க்‌ஷாப்பில் பேடும் லைனரும் மாற்றினார்கள். இரண்டாவது இடத்தில் பிரேக் ஆயில் குழாயில் ஏர் பிடித்திருக்கிறது என்று ஒரு பையனை உட்காரவைத்துப் பெடலைத் தரை வரை அடிக்கவிட்டு ஏர் எடுத்தார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்தது, அதற்குப் பிறகு முன்னைவிட அடிக்கடி இறங்கியது. ஆயில் குறையவில்லை, எங்கேயும் கசிவில்லை. ஒவ்வொருவரும் வண்டியை வேகமாக ஓட்டிப்போய் ஓங்கி ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டு, "பிரேக் நல்லாத்தானுங்க இருக்குது, உங்களுக்குத்தான் பயம்" என்றார்கள். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிறவனிடம் சொல்கிற பேச்சா இது? இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

கோபி பக்கத்துப் பட்டறைக்காரர் வயதானவர். அவர் வண்டியை ஓட்டவே இல்லை. இன்ஜினை ஸ்டார்ட் செய்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைப் பெடலில் மெதுவாக வைத்து அப்படியே அழுத்திக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, "பாருங்க தம்பி" என்றார். பெடல் இறங்கிக்கொண்டிருந்தது. நாலு சக்கரத்துக்கும் ஆயில் போகிற ஹோஸைக் கிளாம்ப் போட்டு அடைத்துப் பார்த்தார், அப்போதும் இறங்கியது. அப்படியென்றால் கோளாறு சக்கரப் பக்கம் இல்லை, பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளிவிடுகிற மாஸ்டர் சிலிண்டரில்தான். ஓங்கி மிதித்தால் உள்ளே இருக்கிற ரப்பர் வாஷரின் விளிம்பு விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்ளுமாம், மெதுவாக மிதித்தால்தான் தேய்ந்த விளிம்பைத் தாண்டி ஆயில் திரும்பிவிடும். எல்லோரும் ஓங்கி மிதித்தே பார்த்தால் எப்படித் தெரியும்?

கழற்றியதும் டார்ச் அடித்துக் காட்டினார். வாஷர் தினமும் போய்வருகிற இடம் பளபளவென்று இருந்தது, அதற்கு அப்பால் விரலில் உரசுகிற துரு. தரை வரை பெடல் அடித்தபோது, ஏற்கெனவே தேய்ந்த வாஷர் அந்தத் துருவில் ஏறிக் கிழிந்திருக்கிறது. பழைய வண்டிக்கு ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடியில் கட்டை வைக்க வேண்டும் என்றார். அதற்காகப் பழி முழுவதையும் அந்தப் பையன் தலையில் போட முடியாது. நாலு வருஷம் பிரேக் ஆயில் மாற்றாதது நான். அது காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும், துரு அதனால்தான். டாட் 3 என்கிற வகை பிரேக் ஆயில் புதிதாக 205 டிகிரி தாங்கும், ஈரம் ஏறினால் 140 சுமாருக்கே கொதித்துவிடும். மலை இறக்கத்தில் அது ஒன்றே போதும், பெடல் காலியாகிவிடும்.

வாஷர் கிட் மட்டும் போட அவர் ஒத்துக்கொள்ளவில்லை, முழு சிலிண்டரே புதிது. அடுத்த வாரம் திம்பத்திலிருந்து 27 வளைவும் இரண்டாவது கியரில் இறங்கினேன், ஒவ்வொரு வளைவிலும் பெடல் ஒரே உயரத்தில் நின்றது. பண்ணாரியில் இறங்கிக் கும்பிட்டபோது கண் கலங்கிவிட்டது. இந்த வண்டியை நான் விற்க மாட்டேன்.

ஆனால் அக்கா பையனிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இந்த வயது வண்டிக்கு நிதானமாகப் பார்க்கிற கை வேண்டும், திருப்பூரில் அவனுக்கு அப்படி யாரும் இல்லை. கேட்கிற மாதிரி தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறான். சரி, நானும் போகிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பெடலில் முதலில் நான்தான் கால் வைப்பேன்.