வேலை–நாள் கணக்கு: பின்னமா, பங்கா, சூத்திரமா?

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளுக்கு மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு 54 நொடி. அதில் 25 கேள்விகள் திறனறிவுப் பகுதி. காலமும் வேலையும் பற்றிய கணக்கு அங்கேதான் காத்திருக்கும். அதை எந்த வழியில் போடுவது என்பதில் மாணவர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள்.

மாரி ஒரு வேலையை 12 நாளில் முடிப்பான், வேலு 15 நாளில். இருவரும் சேர்ந்தால்?

பள்ளிக்கூட வழி பின்னம்: 1/12 + 1/15 = 3/20. தலைகீழாகத் திருப்பினால் 6⅔ நாள். சூத்திரக் கட்சிக்காரர் பெருக்கிக் கூட்டலால் வகுப்பார்: 180/27, அதே 6⅔. மூன்றாம் கட்சி 12, 15 இரண்டுக்கும் மீ.சி.ம. (இரண்டாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண்) எடுத்து, மொத்த வேலை 60 பங்கு என்று வைத்துக்கொள்ளும். மாரி நாளுக்கு 5 பங்கு, வேலு 4 பங்கு, சேர்ந்து 9. 60/9, மறுபடியும் 6⅔. (மீ.சி.ம. தவறி 120 என்று எடுத்தாலும் குடி முழுகிவிடாது. 10, 8 என்று பங்குகள் இரட்டிப்பாகும், விடை மாறாது.)

இவ்வளவு எளிய கணக்கில் மூன்றும் ஒன்றுதான். கேள்வி கொஞ்சம் முறுக்கிக்கொண்டால்தான் சாயம் வெளுக்கும். மாரியும் வேலுவும் சேர்ந்து 12 நாள், வேலுவும் சாந்தியும் 15 நாள், சாந்தியும் மாரியும் 20 நாள். மூவரும் சேர்ந்தால்?

பின்ன வழியில் 1/12 + 1/15 + 1/20 = 1/5. பலரும் இங்கேயே ‘5 நாள்’ என்று வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். ஒவ்வொருவரையும் இரண்டு முறை கூட்டியிருக்கிறோம் என்பது மறந்துபோகிறது. தேர்வு எழுதிய காலத்தில் நானும் இதில் விழுந்தவன்தான். 1/5 என்ற பின்னம் பார்க்க அவ்வளவு ஒழுங்காக இருக்கிறது, சந்தேகமே வராது.

பங்கு வழியில் இதே தவறைச் செய்து பாருங்கள். மொத்தம் 60, ஜோடிகளின் வேகம் 5, 4, 3, கூட்டினால் 12. மூவரும் நாளுக்கு 12 பங்கு என்றால், மாரியும் வேலுவும் செய்யும் 5 போக சாந்தி தனியாக 7 செய்யவேண்டும். ஆனால் வேலுவும் சாந்தியும் சேர்ந்தே 4 பங்குதான். ஆக, தவறு கையோடு பிடிபடுகிறது. 12-ஐப் பாதியாக்கினால் 6. விடை 10 நாள். மாரி 2, வேலு 3, சாந்தி 1 என்று தனித்தனி வேகமும் இலவசமாகக் கிடைக்கிறது. பங்கு வழி என்னைக் கவர்ந்தது வேகத்தால் அல்ல, இந்தக் காட்டிக்கொடுக்கும் குணத்தால்தான்.

சூத்திரத்தின் மேல் எனக்கு மரியாதை குறைவு. தொட்டியில் ஓட்டை என்றால் ஒன்று, மூன்று குழாய் என்றால் வேறொன்று என்று மனப்பாடம் நீண்டுகொண்டே போகும். தொட்டியை 6 மணி நேரத்தில் நிரப்பும் குழாயும் 8 மணி நேரத்தில் காலி செய்யும் குழாயும் சேர்ந்து திறந்திருந்தால், 24 பங்கில் 4 உள்ளே, 3 வெளியே; மணிக்கு 1 மிச்சம், 24 மணி நேரம். இதற்கு எதற்குத் தனிச் சூத்திரம்? ஆட்கள், நாட்கள், மணிகள் கலந்துவரும் கணக்கிலும் அப்படியே. 15 பேர் தினம் 8 மணி நேரம் 10 நாள் உழைத்தால் 1200 ஆள்-மணி, 20 பேர் தினம் 6 மணி என்றால் நாளுக்கு 120, 10 நாள். (‘12 ஆண்கள் அல்லது 18 பெண்கள்’ என்று தொடங்கும் கணக்குகளை மட்டும் நாற்று நடும் வயலில் வாசித்துக் காட்டாதீர்கள்.)

பங்கு வழி கைவிடும் இடமும் உண்டு. மாரிக்கு வேலுவைவிட 5 நாள் குறைவு, சேர்ந்தால் 6 நாள், மாரி தனியாக எத்தனை நாள் என்று கேட்டால் பங்கு வைக்க எண்ணே இல்லை. x போட்டால் இருபடிச் சமன்பாடு வரும். அதைவிட விடைகளைப் பார்ப்பது நல்லது: 6, 8, 10, 13. இருவரும் சம வேகம் என்றால் ஆளுக்கு 12 நாள். மாரி வேகமானவன், எனவே 13 போயிற்று. தனியாகவே 6 நாளில் முடிப்பவனுக்குத் துணை வந்தபின்னும் 6 நாள் ஆகாது, அதுவும் போயிற்று. 10 என்றால் வேலு 15. சூத்திரம் இங்கேதான் சோறு போடுகிறது: 150/25 = 6.