டிரையர் ஃபேனுக்கு மாட்டிய அதிர்வுப் பெட்டி: நான்கு சீசன் கழித்து

ஆத்தூர் பக்கம் ஒரு ஸ்டார்ச் ஆலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். ஜவ்வரிசி வெயிலில் களத்திலேயே காய்ந்துவிடும். மாவுக்கு மட்டும் டிரையர். அதன் ஃபேனுக்கு 40 எச்.பி. மோட்டார், பெல்ட், இரண்டு பிளம்மர் பிளாக் (ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங் உட்காரும் கூடு). குச்சிக்கிழங்கு லாரி வரிசை கட்டி நிற்கும் மாதங்களில் அந்த ஃபேன் நின்றால், ஈர மாவு கிடந்து புளிக்க ஆரம்பித்துவிடும். ஒருமுறை பேரிங் இறுகி ஷாஃப்ட்டையும் தின்றுவிட்டது, நாலு நாள் ஆலை படுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான், அதிர்வு கூடினால் கூவி மோட்டாரை நிறுத்தும் இந்தப் பெட்டிக்கு முதலாளி தலையாட்டினார்.

கம்ப்யூட்டர், பி.எல்.சி. (மெஷினை ஓட்டும் கண்ட்ரோலர்), இன்டர்நெட் எதுவும் வேண்டாம். பிளம்மர் பிளாக்கில் திருகும் ஒரே சென்சார் அதிர்வையும் சூட்டையும் பார்க்கும். பேனலில் இருக்கும் பெட்டி இரண்டையும் காட்டும். உள்ளே இரண்டு ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்): ஒன்று சைரனுக்கு, இன்னொன்று ஸ்டார்ட்டரின் காயில் லைனில் சீரிஸாக. எல்லை தாண்டினால் மோட்டார் நின்றுவிடும்.

அளவு வைப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 10816 என்ற அதிர்வுத் தர விதியின் கணக்கைப் பிடித்தோம். எங்கள் ஃபேன் இரும்புச் சட்டத்தில் நிற்பதால் எச்சரிக்கைக்கு 4.5 மி.மீ./நொடி, நிறுத்த 7.1. கெட்டியான கான்கிரீட் மேடையாக இருந்தால் இதே அளவு மோட்டாருக்கு 2.8, 4.5 என்று குறைத்து வைக்க வேண்டும்.

முதல் வாரம் வேதனை. சென்சாரை பெயின்ட்டுக்கு மேலேயே காந்தத்தில் ஒட்டியிருந்தார்கள். அது மெல்ல நகர்ந்து என்னென்னவோ காட்டியது. பெயின்ட்டைச் சுரண்டி, துளை போட்டு, ஸ்டட்டில் முடுக்கிய பிறகுதான் ரீடிங் நிலைத்தது. அப்புறம், ஃபேன் வேகம் எடுக்கும்போது சட்டம் ஒரு கட்டத்தில் உதறும், உடனே டிரிப் ஆகி மோட்டார் நின்றுவிடும். ஸ்டார்ட்டுக்கு 15 நொடி விலக்கும், ஓட்டத்தில் 3 நொடி தாமதமும் வைத்த பிறகு அமைதி.

இதுவரை அது செய்த நல்ல காரியம் என்றால் மாவுக் கட்டியைச் சொல்வேன். இரண்டாவது சீசனில் 2.7-ல் இருந்த ரீடிங் ஒன்பது நாளில் 4.6-க்கு ஏறியது. சூடு மட்டும் அசையவில்லை. கதவைத் திறந்தால் இம்பெல்லர் (ஃபேனுக்குள் சுற்றும் சக்கரம்) இலைகளில் மாவு அப்பளம் போல ஒட்டியிருக்கிறது, இரண்டு இலையில் மட்டும் உதிர்ந்து போயிருக்கிறது. பேலன்ஸ் எங்கே இருக்கும்? சுரண்டி எடுத்ததும் 2.6. இன்னொரு முறை இதற்கு நேர் எதிர்: அதிர்வு அப்படியே, சூடு மட்டும் 55 டிகிரியிலிருந்து 82. முந்தின நாள் புதுப் பையன் கிரீஸ் கன்னைக் கை வலிக்கும் வரை அடித்திருக்கிறான். டிரெயின் பிளக்கைக் கழற்றி ஓடவிட்டோம், சாயங்காலத்துக்குள் இறங்கிவிட்டது. சூட்டு அளவைச் சேலம் ஏப்ரல் வெயிலை நினைத்து வையுங்கள். ஜனவரியில் வைத்தது கோடையில் சும்மா சும்மா கூவும்.

ஏமாற்றியதும் உண்டு. போன வருஷம் எங்கள் ஃபிட்டர் அண்ணன் ஸ்க்ரூடிரைவர் முனையைப் பிளம்மர் பிளாக்கிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்டுவிட்டு, "தம்பி, பேரிங் அழுவுதுங்க" என்றார். பெட்டியோ 3.1 என்று சாதுவாக நின்றது. கழற்றிப் பார்த்தால் வெளிவளையத்தில் அரிசி மணி அளவுக்குப் பொரிந்திருக்கிறது. இந்த மாதிரிப் பெட்டி மொத்த அதிர்வு வேகத்தைத்தான் அளக்கிறது. பேரிங்கின் ஆரம்பக் கீறல் அதிக அதிர்வெண்ணில் பேசும், இந்த எண்ணில் லேசாகத்தான் தெரியும். அதனால் அண்ணனின் ஸ்க்ரூடிரைவர் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அதைவிடப் பெரிய தொல்லை மனிதர்கள். ஒரு தீபாவளி நெரிசலில் நைட் ஷிஃப்ட் ஆட்கள் டிரிப் ரிலேயை ஒரு துண்டு வயரால் ஷார்ட் செய்துவிட்டார்கள். மூன்று நாள் கழித்து எதேச்சையாகப் பார்க்கிறேன்: பெட்டியில் 7.8 எரிகிறது, ஃபேன் ஜம்மென்று ஓடுகிறது. யாரையும் திட்டிப் பயனில்லை, லோடு போக வேண்டும் என்று அவர்களுக்கும் நெருக்கடி. இப்போது பேனலுக்குப் பூட்டு, சாவி என் இடுப்பில்.

எலி கேபிளைக் கடித்து நடுராத்திரி ஆலை நின்றதும் ஒருமுறை நடந்தது. சென்சார் லைன் அறுந்தால் ரிலே விழும்படி இணைத்திருந்தோம், அதனால் அந்தக் கோபத்தை எலியோடு நிறுத்திக்கொண்டேன். கேபிளை இரும்புக் குழாய்க்குள் விட்டாயிற்று.

பழைய ரீடிங்கை இது ஞாபகம் வைத்துக்கொள்ளாது. பேனல் கதவில் ஒரு நாற்பது பக்க நோட்டு கட்டித் தொங்குகிறது, ஷிஃப்டுக்கு ஒருமுறை இரண்டு எண். அந்த ஒன்பது நாள் ஏற்றம் பிடிபட்டது நோட்டில்தான்.

கிழங்கை அரைக்கும் மெஷினான ராஸ்பருக்கும் இதே பெட்டி ஒன்று கேட்டிருக்கிறேன். கிழங்கோடு கல் வந்து அடித்தால் பொய் டிரிப் ஆகுமே என்ற யோசனை எனக்கே இருக்கிறது. முதலாளி, "கிழங்கு விலை தெரியட்டும், சொல்றேன்" என்றிருக்கிறார்.