பழைய ஆயிலை எடுத்துப் போகிறேன் என்று வருபவர்களிடம் ஏமாறாதீர்கள்

ஈரோடு, பவானி, பெருந்துறை சுற்று வட்டாரத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். வேறு ஊர்க்காரர்களும் வீட்டிலேயே வண்டிக்கு ஆயில் மாற்றுபவர்களாக இருந்தால் படியுங்கள்.

எங்கள் வீடு காலிங்கராயன் வாய்க்காலுக்குப் பக்கம். ஒரு கார், இரண்டு பைக், அப்பாவின் டிராக்டர். எல்லாவற்றுக்கும் ஆயில் மாற்றுவது நானும் அப்பாவும்தான். பைக்கில் ஒரு லிட்டர், காரில் மூன்றரை, டிராக்டரில் ஏழெட்டு என்று இறக்குகிற பழைய ஆயிலை மாட்டுக்கொட்டகை மூலையில் ஒரு 20 லிட்டர் கேனில் சேர்த்து வைப்போம். பிள்ளைகள் ஓடியாடுகிற இடம் என்பதால் அப்பா அந்தக் கேன் மேல் நீல பெயின்டில் "ஆயில். தொடாதே" என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார்.

சென்ற ஐப்பசியில் கேன் கழுத்து வரை நிறைந்துவிட்டது. அந்த வாரம் பார்த்து கேட்டில் ஒரு நோட்டீஸ் செருகியிருந்தது. பழைய ஆயிலை வீட்டுக்கே வந்து எடுத்து, பாதுகாப்பாக அகற்றித் தருவார்களாம். மண்ணில் ஊற்ற மனமில்லாமல் தவித்துக்கொண்டிருந்த எனக்கு நிம்மதியாக இருந்தது. போன் செய்தேன். மறுநாளே ஒருவர் சின்ன லோடு வண்டியில், பின்னால் இரண்டு நீல பேரலோடு வந்தார். கழுத்தில் லேமினேட் செய்த அட்டை, அதில் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அங்கீகாரம் என்று ஒரு வரி.

"லிட்டருக்கு இருபது ரூபாய் ஆகுங்ண்ணா. கம்பெனிக்குப் போயி சுத்தம் பண்ணி மறுபடியும் ஆயிலாவே வந்துருமுங்க" என்றார்.

கேனைத் திறந்து ஒரு குச்சியை அடி வரை விட்டு எடுத்தார். மேலே கறுப்பாகவும், நுனியில் பால் காப்பி நிறத்திலும் ஒட்டியிருந்தது. அதை இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "தண்ணி ஏதாச்சும் கலந்திருக்குதுங்களா?" என்று கேட்டார். டிராக்டர் ரேடியேட்டரைக் கழுவியபோது இறக்கிய கூலன்ட்டையும் அப்பா அதில்தான் ஊற்றியிருந்தார். சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. 400 ரூபாய் வாங்கிக்கொண்டு, ரோஸ் நிறத்தில் ஒரு ரசீதும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கேனோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எவ்வளவு பொறுப்பாகப் பார்க்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். இந்த ஆயிலை எங்கேயும் விற்க முடியாது என்பதை அவர் அந்தக் குச்சி நுனியிலேயே கண்டுகொண்டார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

நான்காம் நாள் விடியற்காலை கீழ்த்தோட்டத்து ஆத்தா வந்து வாசலில் நின்றார். "ஏங்கண்ணு, தண்ணி மேல மயில் தோகையாட்டம் மினுக்குது. என்னன்னு வந்து பாரு."

அவருடைய மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் போகும் கொப்பு வாய்க்காலில் பச்சையும் ஊதாவுமாக ஒரு படலம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் தொடுகிற மட்டத்தில் கரைப் புல் எல்லாம் கறுப்பாகப் பிசுபிசுத்தது. மேலே ஐம்பது அடி நடந்தால் ஒரு மதகு. அதன் அடியில் எங்கள் கேன் ஒருக்களித்துக் கிடந்தது. மூடி இல்லை. "தொடாதே" என்ற எழுத்து மேல் பக்கம் இருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

போன் செய்தேன். முதல் தடவை எடுத்து, "கம்பெனியில எறக்கிட்டனுங்ண்ணா, அது வேற யாரு கேனோ" என்றார். பெயின்ட் எழுத்தைச் சொன்னதும் வைத்துவிட்டார். அதன் பிறகு இன்று வரை சுவிட்ச் ஆஃப். ரசீதில் இருந்த முகவரிக்கு நேரில் போனேன். அந்தக் கதவு எண்ணில் இருப்பது டயர்க் கடை. அப்படி ஒரு கம்பெனியை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. ரசீதில் உள்ள பெயரை இங்கே எழுதவில்லை. ரசீது நகல், கேன் போட்டோ எல்லாவற்றையும் வைத்து, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்திருக்கிறேன்.

தண்ணீரைச் சுத்தம் செய்தது பற்றிச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதலில் ஆத்தாவின் மடையை அடைத்தோம். பக்கத்து வீட்டுத் தம்பி சோப்புத் தூள் போட்டால் கரைந்துவிடும் என்றான். நல்லவேளை, போடவில்லை. சோப்பு போட்டால் ஆயில் பொடிப்பொடியாக உடைந்து தண்ணீருக்குள் கலந்துவிடும், அப்புறம் எடுக்கவே முடியாது. வைக்கோலைத் தடிமனாகப் பிரி முறுக்கி வாய்க்காலின் குறுக்கே மூன்று இடத்தில் கட்டினோம். படலம் அங்கங்கே தேங்கியது. மர மில்லிலிருந்து கொண்டு வந்த மரத்தூளைத் தூவி, ஊறியதை முறத்தால் அள்ளிச் சாக்கில் கட்டினோம். கரை மண்ணையும் ஒரு சாண் ஆழத்துக்குச் செதுக்கி எடுத்தோம். இரண்டு நாள் வேலை. அதற்குள் கீழே எவ்வளவு போயிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு முறை மாற்றுகிற ஆயில், பத்து லட்சம் கேலன் (சுமார் 38 லட்சம் லிட்டர்) நல்ல தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. எங்கள் கேனில் அதைப் போல ஐந்தாறு மடங்கு இருந்தது. சாயப்பட்டறைக் கழிவால் ஏற்கனவே நொந்து போன வாய்க்கால் இது. அதில் என் வீட்டுக் கேனும் சேர்ந்ததை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

பழைய ஆயில் கெட்டுப்போன பொருள் இல்லை, அழுக்கான பொருள். தண்ணீரையும் கசடையும் பிரித்து, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்தால் புது ஆயில் தயாரிக்க உதவுகிற நல்ல அடிப்படை எண்ணெய் திரும்பவும் கிடைக்கும். அதனால் அதற்கு விலை உண்டு. சுத்தமான பழைய ஆயிலை எடுக்க வருபவர் உங்களுக்குத்தான் காசு கொடுப்பார், குறைந்தபட்சம் சும்மாவாவது எடுத்துப் போவார். உங்களிடம் காசு கேட்டால் அங்கேயே நிறுத்தி, எந்த ஆலைக்குப் போகிறது என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

சட்டப்படி இது அபாயகரமான கழிவு. 2016 விதிகளிலேயே அப்படித்தான் இருக்கிறது. 2023 செப்டம்பரில் அந்த விதிகளைத் திருத்தி, 2024 ஏப்ரல் 1 முதல் புது ஏற்பாடு வந்திருக்கிறது. ஆயில் தயாரிப்பவர்கள், இறக்குமதி செய்பவர்கள், பழைய ஆயிலைச் சேகரிப்பவர்கள், மறுசுத்திகரிப்பு செய்பவர்கள் எல்லோரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அப்படியானால் உண்மையான ஆளிடம் ஒரு பதிவு எண் இருக்கும். என்னிடம் வந்தவரின் அட்டையில் எண்ணே இல்லை. அட்டையை ஒரு போட்டோ எடுத்திருந்தால் இன்று கையில் ஆதாரம் இருந்திருக்கும். வண்டி நம்பரையும் சேர்த்து எடுங்கள்.

எங்கள் பக்கத்துத் தவறையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கூலன்ட் கலந்ததால்தான் அந்த ஆயில் விலை போகாமல் வாய்க்காலுக்குப் போனது. பழைய ஆயில் கேனில் கூலன்ட், பிரேக் ஆயில், பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் எதையும் ஊற்றாதீர்கள். புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி, மூடியைத் திருகி, நிமிர்த்தி, மழை வெயில் படாத இடத்தில் ஒரு தட்டின் மேல் வையுங்கள். பூச்சிமருந்து, பிளீச்சிங் இருந்த கேன் ஆகாது. தண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள், பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடும். பழைய ஃபில்டரை இரவு முழுக்கத் தலைகீழாக வைத்து வடியவிட்டால் உள்ளே தங்கியிருக்கிற ஆயிலும் இறங்கிவிடும். இருபது லிட்டர் சேரும் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

புது ஆயிலின் காலிக் கேனையும் அப்படியே தூக்கிக் கொடுக்காதீர்கள். லேபிளும் மூடியும் கெடாத கேனை விலை கொடுத்து வாங்கி, வடிகட்டிய பழைய ஆயிலை நிரப்பிப் புதிது என்று விற்கிற கூட்டம் இருக்கிறது. லேபிளைக் கிழித்து, அடியில் ஓட்டை போட்டுவிட்டுக் கொடுங்கள்.

கிராமத்தில் இதை நாய்ச் சொறிக்கும் மாட்டுப் புண்ணுக்கும் தடவுகிற வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். இன்ஜின் தேய்ந்த உலோகத் துகளும், எரிந்ததில் உண்டாகிற புற்றுநோய்ப் பொருட்களும் அதில் இருக்கின்றன. நாய் நக்கினால் வயிற்றுக்குள் போகும். ஆயில் மாற்றும்போது நாமே கையுறை போட வேண்டிய பொருள் அது.

போன மாதம் காரில் இறக்கிய மூன்றரை லிட்டரைக் கார் சர்வீஸ் சென்டருக்கே எடுத்துப் போய்க் கேட்டேன். மேற்பார்வையாளர் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, "தண்ணி இல்லீங்க, ஊத்துங்க" என்று அவர்கள் பேரலைக் காட்டினார். அந்தப் பேரல் எங்கே போகிறது, யார் எடுக்கிறார்கள் என்று கேட்டேன். பதிவேட்டைத் திறந்து காட்டினார். உங்கள் ஊரிலும் கேட்டுப் பாருங்கள், எல்லோரும் வாங்கிக்கொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது.

ஆயில் ஊறிய மரத்தூளும் மண்ணும் ஒன்பது சாக்கு, இன்னும் எங்கள் கொட்டகையில்தான் இருக்கின்றன. எரிக்கவும் கூடாது, புதைக்கவும் கூடாது. எங்கே கொடுப்பது என்று அந்த மனுவிலேயே கேட்டிருக்கிறேன். ஆத்தா இரண்டு முறை தண்ணீர் பாய்ச்சாமல் விட்டுவிட்டார், மஞ்சள் இலை நுனி காய ஆரம்பித்திருக்கிறது. இரண்டு நீல பேரல் வைத்த லோடு வண்டியும் ரோஸ் நிற ரசீதுமாக உங்கள் தெருவுக்கு யாராவது வந்திருந்தால் தயவுசெய்து எனக்குத் தெரிவியுங்கள், மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.