பூஸ்ட் பொத்தானா, அட்ஸ் மேனேஜரா, ஆளிடம் கொடுப்பதா? திருமலைச் சிறு கடைக்கு எது சரி

திருகோணமலையில் சின்னதாகத் தொழில் வைத்திருப்பவர் பேஸ்புக்கில் காசு கட்டி விளம்பரம் போட நினைத்தால் மூன்று வழி இருக்கிறது. போஸ்ட்டுக்குக் கீழே தெரியும், அந்தப் போஸ்ட்டையே விளம்பரமாக்கும் பூஸ்ட் பொத்தானை அழுத்தலாம். பேஸ்புக்கின் விளம்பரங்களை அமைக்கும் தனிப் பக்கமான அட்ஸ் மேனேஜரைத் திறந்து தாமே அமைக்கலாம். அல்லது மாதக் கட்டணத்துக்கு ஓர் ஆளிடம் கொடுத்துவிடலாம். மாதம் பத்துப் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாத கடைக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். டொலரில் கட்டுகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். 2022 தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் சில மாதங்களிலேயே 360ஐத் தொட்டது. பிறகு இறங்கினாலும் பழைய விலைக்கு வரவில்லை. வீணாகப் போகும் ஒவ்வொரு டொலரும் முன்பைவிட அதிகம் சுடுகிறது.

பூஸ்டின் பெரிய பலம் சுலபம். இரண்டு நிமிட வேலை, கைபேசியே போதும். சிக்கல் என்னவென்றால், அவசரத்தில் பலர் லைக் வேண்டுமா, மெசேஜ் வேண்டுமா என்ற இலக்கைத் தெரிவு செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் விளம்பர முறை நாம் கேட்டதைத்தான் தேடித் தரும். லைக் கேட்டால் லைக் போடும் பழக்கமுள்ளவர்களாகப் பார்த்துக் காட்டும். லைக் போடும் ஆட்கள் வேறு, விலை கேட்கும் ஆட்கள் வேறு. உவர்மலையில் வீட்டிலிருந்தே பிறந்தநாள் கேக் செய்து விற்கும் ஒருவருக்கு நூறு இதயக்குறி வந்து என்ன பயன்? வட்ஸ்அப்பில் நாலு பேர் 'சனிக்கிழமைக்கு ஒரு கிலோ செய்யலாமா?' என்று கேட்டால்தான் வியாபாரம். பூஸ்டிலும் மெசேஜ் என்ற இலக்கைத் தெரிவு செய்யலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மேல் போகக் கை நீளாது.

ஐபோன் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐபோன் செயலிக்குள் பூஸ்ட் செய்தால் ஆப்பிளின் 30 சதவீதக் கட்டணம் சேரும் என்று மெட்டா 2024இல் அறிவித்தது. அமெரிக்காவில் ஆரம்பித்த நடைமுறை அது. பிரவுசரில் பேஸ்புக்கைத் திறந்து கட்டினால் அந்தக் கட்டணம் இல்லை. எதற்கும் பிரவுசரிலேயே கட்டிப் பழகுங்கள்.

அட்ஸ் மேனேஜர் முதல் பார்வைக்குப் பயமுறுத்தும். ஆனாலும் சிறு கடைக்கு வேண்டியது அதில் நாலைந்து இடம்தான். விளம்பரத்தைத் தொட்டதும் வட்ஸ்அப் திறக்கும்படி அமைக்கலாம். ஒரே கேக்குக்கு விலை போட்ட படம் ஒன்று, விலை போடாத படம் ஒன்று என்று இரண்டையும் ஓடவிட்டு, ஓர் உரையாடலுக்கு எவ்வளவு செலவாகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மொத்தச் செலவுக்கு உச்சவரம்பு போடலாம். முழுக் காலத்துக்குமான தொகையை முன்கூட்டியே குறித்தால், நாம் பதில் எழுதக்கூடிய மணிநேரத்தில் மட்டும் விளம்பரம் ஓடும்படியும் வைக்கலாம். இரவு ஒரு மணிக்கு விலை கேட்டவருக்குக் காலை பத்து மணிக்குப் பதில் போனால் அவர் வேறு ஆளைப் பார்த்திருப்பார்.

நம் ஊருக்கு இதைவிட முக்கியமானது, விளம்பரம் எந்த இடத்தவருக்குப் போக வேண்டும் என்று வரைபடத்தில் வட்டம் போடும் விசயம். நகரத்தை நடுவில் வைத்து 20 கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள். கணிசமான பகுதி கடல். கடலில் யாரும் பேஸ்புக் பார்ப்பதில்லை, அதனால் அந்தப் பக்கம் நட்டமில்லை. ஆனால் வட்டம் கொட்டியாரக் குடாவைத் தாண்டி மூதூரையும் உள்ளே இழுத்துவிடும். மெட்டாவுக்கு அது நேர்கோட்டுத் தூரம், நம் டிலிவரிப் பையனுக்கோ கிண்ணியாப் பாலம் ஏறிக் குடாவைச் சுற்றிப் போகும் தூரம். வெண்ணெய்க் கிரீம் பூசிய கேக் அந்த வெயிலில் மூதூர் போய்ச் சேராது. நகரத்துக்கு ஒன்று, உப்புவெளிக்கு ஒன்று, கிண்ணியாவுக்கு ஒன்று என்று சின்னச் சின்ன வட்டமாகப் போட்டால் நம்மால் கொண்டுபோய்க் கொடுக்க முடிந்த இடத்துக்கு மட்டும் காசு போகும்.

மொழியிலும் கவனம் வேண்டும். தமிழ் என்று மொழியைத் தெரிவு செய்தால் தமிழ் ஆட்கள் எல்லாருக்கும் போகும் என்று நினைப்பது பிழை. பேஸ்புக்கை எந்த மொழியில் வைத்திருக்கிறோம் என்பதுதான் அங்கே பெரும்பாலும் கணக்கு. இங்கே வீட்டில் தமிழ் பேசுகிற எத்தனையோ பேரின் கைபேசி ஆங்கிலத்தில் இருக்கிறது. மொழிப் பெட்டியை வெறுமையாக விட்டு, தமிழில் ஒரு விளம்பரம், சிங்களத்தில் ஒரு விளம்பரம் எழுதுவது நல்லது. கடைத்தெருவில் மூவினமும் வாங்கும் ஊர் இது. அதற்காக, இடமும் தொகையும் குறிக்கும் விளம்பரத் தொகுதியைப் பல துண்டாக்க வேண்டாம்; எல்லா வட்டமும் இரண்டு மொழி விளம்பரமும் ஒரே தொகுதிக்குள் இருக்கட்டும். ஒரு தொகுதிக்கு வாரத்தில் நாம் இலக்காக வைத்த மெசேஜ் போன்ற பலன் சுமார் 50 கிடைத்தால்தான் மெட்டாவின் முறை நிலைக்கு வரும். சின்னத் தொகையைப் பிரித்தால் எதுவுமே அந்த அளவுக்குப் போகாது.

பூஸ்ட் வெல்லும் இடமும் உண்டு. கடையை வேறு தெருவுக்கு மாற்றியிருக்கிறீர்கள், தீபாவளிக்கு இரவு பத்து வரை திறந்திருக்கிறீர்கள் என்றால், ஏற்கெனவே பேஜைப் பின்தொடர்பவர்களுக்கு அதைச் சொல்லப் பூஸ்டே போதும். தானாகவே நன்றாகப் போகிற போஸ்ட்டுக்குக் கொஞ்சம் காசு சேர்ப்பதும் சரி.

ஆளிடம் கொடுப்பதில் எனக்கு ஒரே ஒரு கண்டிப்பு. விளம்பரக் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் அட்டையில் இருக்க வேண்டும். அவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள், கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். அவருடைய கணக்கில் ஓடினால், அவரை விட்டு விலகும் நாளில் எந்தப் படம் விற்றது, யார் மெசேஜ் போட்டது என்ற தரவு எல்லாம் அவரோடே போய்விடும். தவிர, கட்டணம் விளம்பரச் செலவை விடக் கூடுதலாக இருந்தால் சிறு கடைக்கு அது கட்டாது. துணிக்கடை மாதிரி வாராவாரம் புதுச் சரக்கு இறக்கி, படம் எடுக்கவே நேரமில்லாதவர்களுக்கு அது பொருந்தலாம்.

டிக்டொக்கில் காசு கட்டுவதை இப்போதைக்கு விட்டுவிடலாம். அதன் அட்ஸ் மேனேஜரில் ஒரு தொகுதிக்கே நாளொன்றுக்குக் குறைந்தது 20 டொலர் வேண்டும். வீடியோ மட்டும் இலவசமாகப் போடுங்கள்.

நிலாவெளியில் அறை வாடகைக்கு விடுபவர்களுக்குக் கணக்கு தலைகீழ். அவர்களுடைய வாடிக்கையாளர் திருமலையில் இல்லை. வட்டத்தைக் கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணத்தின் மேல் போட வேண்டும். கடல் அமைதியாகும் மே மாதத்துக்காகக் காத்திருக்காமல், விடுமுறைக்கு ஆட்கள் இடம் தேடும் மார்ச் கடைசியிலேயே ஆரம்பிக்க வேண்டும். புறாமலைத் தீவுக்குப் போகும் படகின் படத்தை விட அறை, குளியலறை, ஒரு நாள் வாடகை, வாகனம் நிறுத்த இடம் உண்டா என்பவைதான் மெசேஜ் கொண்டுவரும். ஒக்டோபரில் மாரி தொடங்கும்போது விளம்பரத்தை நிறுத்தி, மிஞ்சிய காசை அடுத்த மார்ச்சுக்கு வையுங்கள்.