தென்னங்கள்ளு வினாகிரியில் பீற்றூட் அச்சாறு

பீற்றூட் அச்சாறு போட எந்த வினாகிரி நல்லது என்று கேட்டால், தென்னங்கள்ளு வினாகிரி என்றுதான் சொல்வேன். ஆனால் போத்தலைத் திருப்பி லேபிளை வாசிக்காமல் காசைக் கொடுக்க வேண்டாம்.

மட்டக்களப்புச் சந்தைப் பக்கத்துக் கடையில் நான் கேட்டபோது, "அச்சாறுக்குத்தானே தங்கச்சி, வெள்ளை வினாகிரி காணும்" என்று கடைக்கார நானா விலை குறைந்த போத்தலைத்தான் முதலில் எடுத்து வைத்தார். அவர் சொன்னதிலும் பிழையில்லை. புரியாணிக்குப் பக்கத்தில் வைக்கிற வெங்காய அச்சாறு போல அன்றைக்கே தின்று முடிக்கிறதுக்கு அது காணும். ஆனால் பீற்றூட் கிழமைக்கணக்கில் வினாகிரிக்குள்ளேயே ஊறிக் கிடக்கிறது. வெள்ளை வினாகிரி அசற்றிக்கமிலத்தைத் தண்ணீரில் கலந்து செய்தது. லேபிளில் 'செயற்கை' என்று இருக்கும். புளிப்புத் தொண்டையைக் குத்திவிட்டுப் போய்விடும், பின்னால் ஒரு ருசியும் வராது.

நான் வாங்கிய கள்ளு வினாகிரி 750 மில்லிலீற்றர் கண்ணாடிப் போத்தல். விலை மற்றதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூடியைத் திறந்ததும் மாமி குசினிக்குள் எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, கள்ளு மணக்குது?" என்றார். மணக்கத்தானே வேண்டும். கள்ளில் உள்ள சீனி புளித்து மதுசாரமாகி, அந்த மதுசாரம் பிறகு அமிலமாகி வருவதுதான் இது. நிறம் வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி லேசான மஞ்சள். அடியில் கொஞ்சம் மண்டி இருந்தது, சிலவேளை மேலே ஆடையும் கட்டும். இரண்டும் பழுதில்லை, துணியில் வடித்தால் சரி. எனக்குப் பிடிக்காதது மூடி. தகரம்; உட்பக்கம் சீக்கிரமே துருப் பிடிக்கத் தொடங்கிவிட்டது. தமிழ் எழுத்தையும் கண்ணாடி போட்டுத்தான் வாசிக்க வேண்டும்.

அந்தப் பொடி எழுத்தில்தான் முக்கியமான விஷயம் இருக்கிறது: அமிலம் 4 வீதம். பீற்றூட் மண்ணுக்குள் விளைகிற, தன்னில் புளிப்பில்லாத கிழங்கு. இறுக்கி மூடிய போத்தலுக்குள் புளிப்புப் போதாவிட்டால் பொட்டுலிசம் என்ற நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளர இடமிருக்கிறது. அது வளராமல் இருக்க பிஎச் அளவு (புளிப்பைக் காட்டும் எண்; புளிப்புக் கூடினால் இது குறையும்) 4.6க்குக் கீழே நிற்க வேண்டும். அமெரிக்கக்காரரின் முறையில் வினாகிரி இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, அப்புறம் போத்தலோடு 30 நிமிடம் கொதிநீரில் என்று இருக்கும். அது 5 வீத வினாகிரிக்குச் சொன்ன கணக்கு. 4 வீதத்துக்கு அதை அப்படியே எடுக்கக் கூடாது. அதனால் நான் தண்ணீர் ஒரு சொட்டும் விடுவதில்லை, ஆறியதும் நேரே பிரிட்ஜுக்குள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நம்முடைய குசினி எப்படிக் கொதிக்கும் என்று தெரியும்தானே. அலுமாரித் தட்டில் வைக்கிற எண்ணம் இருந்தால் இந்தப் போத்தல் உங்களுக்கு வேண்டாம்.

மாமிக்குச் சீனி வருத்தம் என்பதால் சீனியைப் பாதியாக்கினேன். சீனியைக் குறைக்கலாம், வினாகிரியைத்தான் குறைக்கக் கூடாது.

பீற்றூட் மலைநாட்டு மரக்கறி. தேசிக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக, இலை வாடாமல் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். இலையைச் சுண்டிக்கொள்ளலாம். கிழங்கில் இரண்டு விரல் தண்டை விட வேண்டும், வேர் வாலையும் வெட்டக் கூடாது. வெட்டினால் சாயம் முழுக்க அவிக்கிற தண்ணீருக்குப் போய்விடும். 25, 30 நிமிடம் அவித்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, பெருவிரலால் தள்ளினால் தோல் சட்டை கழற்றுகிற லேசில் வரும். பிறகு வட்டமாக வெட்டி, சின்ன வெங்காயமும் சேர்த்து, கொதிக்க வைத்துக் கழுவிய கண்ணாடிப் போத்தலில் அடுக்கினேன். வினாகிரியில் உப்பு, சீனி, கறுவா, கராம்பு, மிளகு போட்டுக் கொதிக்கவிட்டு மேலே ஊற்றினேன். அலுமினியச் சட்டியில் கொதிக்க வைக்காதீர்கள், வினாகிரி அரித்துவிடும். சில்வர் சட்டிதான் நல்லது.

ஒரு கிழமை கழித்துத் திறந்தபோது வெங்காயம் ரோசாப்பூ நிறத்தில் இருந்தது. கள்ளு வாசம் அடங்கி, கறுவாவோடு சேர்ந்து மெல்லிய இனிப்பாக நாக்கில் நின்றது. வெள்ளை வினாகிரியில் போட்ட சிறிய போத்தலையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்த்தேன். நிறத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை, ருசியில் கிட்டவும் வராது. பொரித்த மீனோடும் பருப்போடும் மாமியே இரண்டாம் தரம் கேட்டு எடுத்தார். நிறையச் சாப்பிட்ட சிலருக்கு அடுத்த நாள் சிறுநீர் சிவந்து போகும். பீற்றூட் சாயம்தான், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம்.

விலையையும் மூடியையும் வைத்துப் பார்த்தால் ஐந்துக்கு நாலு கொடுப்பேன். 5 வீதம் போட்ட கள்ளு வினாகிரி வந்தால் எனக்கு ஒரு போத்தல் எடுத்து வைக்கும்படி நானாவிடம் சொல்லியிருக்கிறேன்.