வட கரோலினாவில் ஒரு ஸ்கிரீன்ட் போர்ச்: பல கோடைகள் புழங்கிய பிறகு

வட கரோலினா மாநிலத்தில், ராலே நகரை அடுத்த புறநகர்ப் பகுதியில் இருக்கும் எங்கள் இரண்டு மாடி வீட்டின் பின்பக்கம், சமையலறையை ஒட்டி ஒரு ஸ்கிரீன்ட் போர்ச் கட்டிப் பல கோடைகள் அதில் புழங்கிவிட்டோம். வீட்டுச் சுவரோடு 16 அடி நீளம், சுவரிலிருந்து வெளியே 14 அடி அகலம். மேலே கூரை, கீழே பலகைத் தளம், மூன்று பக்கமும் பூச்சி வலை, புல்வெளிக்கு இறங்க ஒரு வலைக்கதவு, கட்டுமானம் இவ்வளவுதான். புதிதாகக் கட்டியவர்கள் தளத்தின் நிறத்தையும் தொங்கும் விளக்குகளையும் பற்றி நிறையச் சொல்கிறார்கள். ஆண்டுகள் போன பிறகு அன்றாடம் நினைவுக்கு வருபவை வேறு. கூரையின் சரிவு, வலையின் நெருக்கம், பலகைகளுக்கு நடுவே விட்ட இடைவெளி என்று எல்லாமே முதல் குழி தோண்டுவதற்கு முன்பு வரைபடத்திலேயே முடிவாகிவிடுபவை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கிரீன்ட் போர்ச் காற்றுக்காகக் கட்டப்படுவது. அதை ஏசி போடாத ஓர் அறையாக நினைத்துத் திட்டமிட்டால் ஒவ்வொரு முடிவும் மெல்ல மெல்ல அதை மூடிக்கொண்டே போகும். கடைசியில் வெக்கையும் இருட்டும்தான் மிஞ்சும். எந்த முடிவாக இருந்தாலும், இது காற்றை உள்ளே விடுமா, மறிக்குமா என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

வலை எதற்கு, கூரையும் வலையும் இல்லாத பலகைத் தளமான திறந்த டெக் போதாதா என்ற கேள்வி தென்கிழக்கு மாநிலங்களில் குடியிருப்பவர்களிடம் எழாது. மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை இங்கே வெளியே நிம்மதியாக உட்கார முடிவதில்லை. பட்டப்பகலிலேயே கணுக்காலைத் தேடிக் கடிக்கும் ஆசியப் புலிக் கொசு, 1985-இல் டெக்சாஸின் ஹூஸ்டன் வட்டாரத்தில் நிலைகொண்டதாகக் கண்டறியப்பட்டது. பழைய டயர்களின் இறக்குமதியோடு வந்த அது பின்னர் தென்கிழக்கு முழுவதும் பரவிவிட்டது. பூந்தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரே அதற்குப் போதும் என்பதால், அண்டை வீட்டுத் தோட்டத்தையும் சேர்த்துத் துப்புரவாக வைத்தால்தான் அதை ஒழிக்க முடியும். தோட்டத்துக்கு மருந்தடிக்கும் சேவைகள் உண்டு. அந்த மருந்து தேனீக்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் விட்டுவைப்பதில்லை என்பதால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

கூரையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பணமும் பெரும்பாலும் அங்கேதான் போகிறது. இரண்டு மாடி வீட்டில் போர்ச்சின் கூரை மாடி ஜன்னல்களுக்குக் கீழே அடங்கியாக வேண்டும். ஒரே பக்கம் சரியும் கூரையில், 12 அங்குலத்துக்கு 3 அங்குலம் என்ற சரிவுக்கு, 14 அடி தூரத்தில் கூரை 42 அங்குலம் உயர்கிறது. வெளி விளிம்பு எட்டடி உயரத்தில் இருந்தால் வீட்டுச் சுவரில் அது பதினொன்றரை அடியில் போய்ச் சேரும். எங்கள் மாடி ஜன்னலின் அடிச்சட்டத்துக்குக் கீழே இதற்குத்தான் இடம் இருந்தது. சரிவை 4 அங்குலமாகக் கூட்டினால் 56 அங்குல உயர்வு வரும், ஜன்னலில் இடிக்கும். சரிவைக் குறைத்துக்கொண்டே போகவும் முடியாது. வழக்கமான ஆஸ்பால்ட் ஷிங்கிள் ஓடுகளுக்கு 12-க்கு 2 என்பதுதான் குறைந்தபட்சச் சரிவு, அதிலும் 4-க்குக் கீழே போனால் அடியில் நீர்த்தடுப்புத் தாளை இரட்டையாக விரிக்க வேண்டும் என்பது கட்டட விதி. இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அகலத்தை 14 அடியோடு நிறுத்தினோம். ஒற்றை மாடி வீடாக இருந்தால் இரண்டு பக்கமும் சரியும் முக்கோணக் கூரையைத் தயங்காமல் தேர்ந்தெடுத்திருப்பேன். அதன் முன்முகத்தில் முக்கோணப் பகுதிக்கும் வலையே அடித்துவிட்டால் மேலே சேரும் வெப்பக் காற்று தானாக வெளியேறும்.

கூரை வந்தால் அதை ஒட்டிய அறை இருண்டுவிடும் என்பதைப் பலர் கட்டி முடித்த பிறகுதான் உணர்கிறார்கள். சமையலறைக்கு இருந்த ஒரே பெரிய ஜன்னல் இந்தப் பக்கம் என்பதால், சுவரோரமாக இரண்டு ஸ்கைலைட்டுகளை, அதாவது வெளிச்சம் இறங்கும் கண்ணாடி ஜன்னல்களை, கூரையிலேயே பதிக்கச் சொன்னோம். எங்கள் செலவில் இதற்குத்தான் முதல் மதிப்பெண் கொடுப்பேன். டிசம்பரிலும் பகலில் சமையலறை விளக்கைப் போடாமல் வேலை நடக்கிறது. எங்கள் வீட்டின் பின்பக்கம் கிழக்கு பார்த்தது. காலையில் வெயில் வந்துவிட்டுப் போக, மாலையில் வீட்டின் நிழலே போர்ச்சுக்குக் குடையாகிவிடுகிறது. மேற்குப் பார்த்த மனைக்காரர்கள், சாயும் வெயில் கூரைக்கு அடியில் நுழைந்து முகத்தில் அடிக்கும் என்பதை மனத்தில் வைத்து, அந்தப் பக்கத்துக்கு ஏற்றி இறக்கும் திரையைத் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது. இந்தப் பகுதியில் கோடைக்காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. போர்ச்சின் தெற்குப் பக்கத்தில் அலமாரியோ தடுப்போ எதுவும் வைக்காமல் விட்டதன் அருமை ஜூலையில் தெரிகிறது.

அடுத்தது வலை. அங்குலத்துக்கு 18-க்கு 16 இழை கொண்ட ஃபைபர்கிளாஸ் வலைதான் பொதுவாகக் கிடைப்பது. கொசுவுக்கு அது தாராளமாகப் போதும். கடற்கரையோரம் இருப்பவர்களைப் படுத்தும் நோசீயம் என்ற கண்ணுக்குத் தெரியாத ஈக்களுக்கு 20-க்கு 20 போன்ற நெருக்கமான வலை தேவைப்படும். ஆனால் இழை நெருங்க நெருங்கக் காற்றும் வெளிச்சமும் குறையும். உள்நாட்டில் இருக்கும் எங்களுக்கு அது தேவையற்ற தியாகம். நாய், பூனை வளர்ப்பவர்களுக்கென்று தடித்த பாலியெஸ்டர் இழை வலை உண்டு. நகத்துக்கு அது தாங்கும், பார்வையை மங்கலாக்கும். கீழ்ப்பகுதிக்கு மட்டும் அதைப் போட்டுக்கொள்ளலாம். நிறத்தில் கருப்பே சிறந்தது. சாம்பல் நிற வலையில் வெயில் பட்டால் வலைதான் கண்ணில் படுகிறது, தோட்டம் தெரிவதில்லை. கருப்பு வலையில் சில நிமிடங்களில் வலை இருப்பதே மறந்துபோகும்.

வலையை எப்படிப் பொருத்துகிறார்கள் என்பதும் அதே அளவு முக்கியம். மரச்சட்டத்தில் ஸ்டேப்பிள் ஊசி அடித்து மேலே பட்டை வைக்கும் பழைய முறையில், ஒரு கிழிசலை மாற்றுவதற்குக்கூடப் பட்டைகளை நெம்பி எடுக்க வேண்டும். எங்களுடையது, அடிச்சட்டத்தில் வலையை இழுத்துப் பிடித்து மேல்மூடியை அழுத்திப் பொருத்தும் முறை. புயல்காற்றில் ஒரு கிளை வந்து மோதி ஒரு கட்டத்தின் வலை கிழிந்தபோது, மூடியைக் கழற்றி, புது வலையை விரித்து, ரப்பர் சுத்தியலால் மூடியைத் தட்டி, மிச்ச வலையைப் பிளேடால் அறுத்து எடுத்ததோடு வேலை முடிந்தது. ஆள் கூப்பிடத் தேவைப்படவில்லை. கம்பங்களுக்கு இடையே அகலம் கூடினால் வலை தொய்யும் என்பதையும் கவனிக்க வேண்டும். நாங்கள் நாலடிக்கு ஒரு கம்பம் வைத்தோம். அதற்கு மேல் விரித்த சில நண்பர்கள் வீட்டில் வலை காற்றுக்குப் படபடப்பதைக் கேட்டிருக்கிறேன்.

தளம் 30 அங்குலத்துக்கு மேல் உயர்ந்திருந்தால், குறைந்தது 36 அங்குல உயரத்தில் கைப்பிடித் தடுப்பு வைத்தாக வேண்டும்; அதன் கம்பிகளுக்கு நடுவே நான்கங்குலப் பந்து நுழையக் கூடாது. வலை இருக்கிறதே என்று இதை விட்டுவிடக் கூடாது. குழந்தை சாய்ந்தால் வலை தாங்காது, கட்டட ஆய்வாளரும் ஒப்பமாட்டார். அரைச்சுவர் எழுப்பி அதற்கு மேல் வலை அடிக்கலாம் என்று ஓர் ஒப்பந்தக்காரர் வற்புறுத்தினார். உட்கார்ந்திருப்பவரின் உயரத்தில் வரும் காற்றைத்தான் அந்த அரைச்சுவர் மறிக்கும் என்பதால் மறுத்து, மெல்லிய கம்பிகள் வைத்த தடுப்பையே கேட்டு வாங்கினோம்.

தளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் போர்ச்சின் மிகப் பெரிய ஓட்டை கீழேதான் இருக்கிறது. சாதாரண டெக்கைப் போலப் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டுப் போட்டால், சுற்றிலும் எவ்வளவு நல்ல வலை அடித்தாலும் கொசு அடியிலிருந்து ஏறி வரும். பலகை போடுவதற்கு முன்பே, தாங்கும் குறுக்குச் சட்டங்களின் மேல் வலையை விரித்து அடித்துவிட வேண்டும். பிறகு செய்வதென்றால் தரைக்கும் தளத்துக்கும் நடுவே படுத்துக்கொண்டு கீழிருந்து அடிக்க வேண்டியிருக்கும். மற்றொரு வழி, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் நாக்குப் பலகை. அதில் இடைவெளியே இராது. ஆனால் சாரல் நீர் வெளியேற அடிக்குக் கால் அங்குலம் என்ற அளவில் வெளிப்புறம் சரிவு கொடுத்தாக வேண்டும். நாங்கள் இடைவெளி விட்ட காம்போசிட் (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) பலகையும் அடிவலையும் தேர்ந்தெடுத்தோம். வெயிலில் காம்போசிட் பலகை காலைச் சுடும் என்ற குறை கூரைக்கு அடியில் பொருட்டாகவில்லை. பெருக்கித் தண்ணீர் ஊற்றினால் நீர் இடுக்கு வழியே இறங்கிவிடுகிறது. அடிவலையில் சிறு குப்பை சேர்கிறது என்பது உண்மை. அதைத் தோட்டக் குழாயின் வேகத்தில் அலசிவிடலாம்.

அடியில் இருக்கும் சட்டங்கள் எல்லாம் மருந்தேற்றிய பைன் மரம். 2003-க்குப் பிறகு வீட்டு உபயோக மரத்தில் ஆர்செனிக் மருந்து நிறுத்தப்பட்டு, செம்பு மிகுந்த மருந்துகள் வழக்கத்துக்கு வந்தன; இவை சாதாரண ஆணியை அரித்துவிடும். துத்தநாகக் குழம்பில் முக்கியெடுத்த ஆணியா, துருப்பிடிக்காத எஃகா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வீட்டுச் சுவரோடு போர்ச்சைப் பிணைக்கும் பலகையை ஆணியால் மட்டும் அடிக்காமல் போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறார்களா, அதன் மேல் மழைநீர் புகாமல் தகடு மடித்திருக்கிறார்களா என்பதை நின்று பாருங்கள். டெக்குகள் சரிந்துவிழுவது பெரும்பாலும் இந்த இணைப்பில்தான். 1996-இல் ஃபிரான் சூறாவளி ராலே வரை வந்து மரங்களைச் சாய்த்த ஊர் இது. மூன்று பக்கமும் திறந்த கூரையைக் காற்று கீழிருந்து தூக்கும் என்பதால், கம்பத்தையும் கூரையையும் உலோகப் பட்டைகளால் பிணைப்பது அவசியம். நகராட்சி அனுமதி, ஹெச்ஓஏ என்ற குடியிருப்பு உரிமையாளர் சங்கத்தின் ஒப்புதல், மனை எல்லையிலிருந்து விட வேண்டிய இடம் ஆகியவற்றை ஒப்பந்தக்காரரை நம்பி விடாமல் நாமே ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

மின்விசிறி இல்லாத போர்ச்சை ஆகஸ்டில் பயன்படுத்த முடியாது. ஈரப்பதம் தாங்கும் என்று முத்திரையிட்ட விசிறியாகவே வாங்க வேண்டும். வீட்டுக்குள் போடுவதைப் போட்டால் இறக்கைகள் தொங்கிவிடும். அதைவிட எங்கள் வீட்டுப் புழக்கத்துக்கு உதவியது மின்னிணைப்பில் செய்த ஓர் ஏற்பாடு. வடையும் அப்பளமும் பொரிக்க இண்டக்‌ஷன் அடுப்பை இங்கேதான் வைப்போம் என்று தெரிந்ததால், அதற்குத் தனியாக 20 ஆம்பியர் இணைப்புக் கேட்டோம். 1800 வாட் அடுப்பு 120 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுக்கும்; விசிறியோடும் விளக்கோடும் ஒரே இணைப்பில் போட்டால் பிரேக்கர் விழக்கூடும். எண்ணெய்ப் புகை வீட்டுக்குள் வராத தீபாவளி இந்த ஊரில் பெரிய சுகம். கேஸ் கிரில்லையும் கரி அடுப்பையும் மட்டும் கூரைக்கு அடியில் கொண்டுவரவே கூடாது.

வசந்தத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் பாதிவரை பைன் மகரந்தம் மஞ்சள் மாவாக வலைக்குள் வந்து மேசை, நாற்காலி, மெத்தை எல்லாவற்றின் மேலும் படியும். எந்த வலையும் அதை நிறுத்தாது. அந்த வாரங்களில் மெத்தைகளை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, ஒரு நல்ல மழை வந்து போன பிறகு மேலிருந்து கீழாகத் தண்ணீரடித்துக் கழுவுகிறோம். பூசாத மரத்தைத் தச்சுவண்டுகள் அரை அங்குல அளவுக்குத் துளைத்துக் கூடு கட்டும் காலமும் அதுதான். வெளிமரம் முழுவதற்கும் பெயின்ட் அடித்த வீடுகளில் அந்தத் தொல்லை குறைவு. கறிவேப்பிலைத் தொட்டியைக் குளிர்காலம் முடிந்து நேராக வெயிலில் வைத்தால் இலை கருகும். உறைபனி போன பிறகு இரண்டு வாரம் போர்ச்சின் காலை வெயிலில் இருத்திப் பழக்கினால் தழைத்துவிடுகிறது.

தஞ்சாவூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்து தங்கும் மாதங்களில் வீட்டில் அதிகம் புழங்கும் இடம் இதுதான். காரில்லாமல் வெளியே போக முடியாத ஊரில், காலைக் காபியோடு வந்து உட்கார்ந்து, போகிற வருகிற ஆட்களையும் அணில்களையும் பார்த்துக்கொண்டு கீரை ஆய முடிகிறது. அவர்களுக்காகவே சமையலறைத் தளத்துக்கும் போர்ச்சுக்கும் நடுவே கால் தடுக்காத அளவுக்கு வாசற்படியைத் தாழ்த்தச் சொல்லியிருந்தோம்.

குளிர்காலத்துக்கு வலைக்கு மேல் வினைல் தகடுகள் பொருத்தலாம் என்று விற்பனையாளர்கள் இன்னும் அழைக்கிறார்கள். மகரந்தத்தையும் சாரலையும் அவை தடுக்கும் என்பது மெய்தான். ஆனால் திறந்து வைத்தாலும் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு பக்கம் அடுக்காக நிற்பதால் காற்றின் வழியில் ஒரு பங்கு நிரந்தரமாக அடைபடும். ஜனவரியில் சில வாரங்கள் போர்ச் சும்மா கிடப்பதை நாங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டோம். மாற்ற நினைப்பது வலைக்கதவை மட்டும்தான். அதன் அடியில் இருக்கும் தூரிகைப் பட்டை தேய்ந்து, பென்சில் பருமனுக்கு இடைவெளி விட்டிருக்கிறது. இந்த வசந்தத்தில் அடிப்பகுதிக்கு உலோகத் தகடு வைத்த, தானாக மூடிக்கொள்ளும் கதவாகப் போடப் போகிறோம்.