ஒரு நாள் நேர நிர்வாக வகுப்பு: போகலாமா?

25 வயது நிரம்பிய சிங்கப்பூரர்களுக்குக் கிடைக்கும் 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையை (திறன் பயிற்சி வகுப்புகளுக்கு அரசு தரும் பணம்) எதில் செலவழிப்பது என்று யோசிக்கிறீர்களா? பாய லேபாரில் நான் போன இந்த ஒரு நாள் வகுப்பு நல்ல தேர்வு. காலைப் பகுதி அருமை. "இந்த வருஷம் உடம்பைக் குறைக்கணும்" என்று எழுதிய அக்காவிடம் எந்தக் கிழமை, எத்தனை மணி, எங்கே என்று பயிற்றுநர் விடாமல் கேட்டு, கடைசியில் அது செவ்வாய், வியாழன் வேலை முடிந்து இரண்டு நிறுத்தம் முன்பே பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு நடப்பது என்று ஆனது. இலக்கு என்றால் இப்படித்தான் இருக்கணும். 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்ற பொமொடோரோ முறையையும் அங்கேயே செய்து பார்க்க வைத்தார்கள். மதியம் முழுக்க ஸ்லைடுதான், சலிப்பு. அப்புறம், ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு எதுவுமே சொல்லவில்லை, அது பெரிய குறை. மற்றவர்கள் தாராளமாகப் போகலாம்.